திங்கட்கிழமைத் தாச்சி

கடைத் துண்டில் 'வொக்' என்று எழுதியிருந்தது.
வீட்டுக்குள் வந்ததும் அது தாச்சி.
பழஞ்சாமான் கடையில் ஏழு பிராங்.
அடி உருண்டை;
எங்கள் கண்ணாடி அடுப்பில் வைத்தால்
வெறிகாரனைப்போல் தள்ளாடியது.
அடுப்போ சட்டியே இல்லையென்று எண்ணி
மூன்றுதரம் கீச்சிட்டுத் தானே அணைந்தது.

ஆகவே பல்கனி.
கூடாரம் அடிக்கிற ஆட்களின் சின்னக் காஸ் அடுப்பு,
தை மாதக் குளிர்,
ஓல்ட்டன் முழுக்க மூடுபனி.
கீழே ஆரே,
ஆறு என்றே தன்னைச் சொல்லிக்கொண்டு போகிற ஆறு,
அதுவும் இன்று தெரியவில்லை.

நேற்றைய சோறு.
தட்டில் பரப்பி இரவு வெளியில் வைத்தேன்.
இந்த ஊர்க் குளிருக்கு அந்த ஒரு வேலையாவது தெரியும்.
காலையில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி,
ரயிலில் ஆளுக்கொரு சீட் விட்டு
இருக்கிற சனம்போல.

லீக்ஸ், கரட், கோவா, நாலு பல்லு உள்ளி,
மூன்று முட்டை.
பச்சைமிளகாய் இரண்டு, அது என் பக்கத்துக்கு.

இவர் உள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்,
வலது மணிக்கட்டில் கறுப்புப் பட்டி.
பத்தொன்பது வருஷம் சீனக் கடைக் குசினியில்
இரும்புத் தாச்சி தூக்கிய கை.
காப்புறுதிக் கந்தோரில் கேட்டார்கள்:
ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்குவீர்கள்,
திருவாளர் குகதாசன்?
நான்தான் மொழிபெயர்த்தேன்.
இவர் கூரையைப் பார்த்தார், உதடு அசைந்தது,
பிறகு சொன்னார்: "எண்ணினால் தூக்கேலாது."
அதை டொச்சில் எப்படிச் சொல்வது?
நிறையத் தரம் என்றேன்.

எண்ணெய் புகைந்தது.
முட்டை விழுந்து நுரைத்துக் கலைந்தது.
சோற்றைக் கொட்டினேன். சத்தம் வரவில்லை.
கண்ணாடியில் இடதுகை விரல் தட்டியது;
வாயசைவில் படித்தேன்: நெருப்புக் காணாது.
திருகினேன். இப்போது வந்தது சத்தம்,
சரளைக்கல்லில் சைக்கிள் ஓடுவதுபோல்.

சோயாச் சாற்றை ஓரமாய் விடவேண்டும், நடுவில் அல்ல.
அது இரும்பில் பட்டுக் கருகுகிற நொடிதான் சாப்பாடு,
மிச்சமெல்லாம் சோறு.
இதை இவர் சொல்லித் தரவில்லை.
இவரின் சேர்ட்டுகளைக் கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டேன்.

பிறகு எனக்கும் ஆசை வந்தது, தூக்கிப் போட.
இரண்டு கையாலும் பிடித்து, மூச்சடக்கி,
எறிந்தேன்.
பாதி திரும்பி வந்தது.
மீதி மூடுபனிக்குள் போய்
கீழ்வீட்டுத் திருமதி வூத்ரிக்கின்
வெறும் பூச்சாடிகளில் பெய்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இவர் சிரித்தார்.
ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு என்று எழுத ஆசை;
முந்தநாளும் டீவியைப் பார்த்துச் சிரித்தவர்தான்.
ஆனால் இந்தச் சிரிப்பில்
மணிக்கட்டும் அசைந்தது,
பட்டிக்குள், மெல்ல, ஒருதரம்.

இரண்டு கோப்பை சாப்பிட்டார்.
"உப்புக் காணாது" என்றார்.
கீழே சிட்டுக்குருவிகள் குறை சொல்லவில்லை.
திருமதி வூத்ரிக் நாளைக்குத் தபால் பெட்டியில்
ஒரு துண்டு எழுதிப் போடுவா,
அன்பான வணக்கத்துடன், வீட்டு விதி இலக்கத்துடன்.

ஏன் இந்தக் கூத்தென்று இவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்,
சோறு மிஞ்சிப்போச்சு என்று.

பத்தொன்பது வருஷம் நடுச்சாமம் கதவு திறக்கும்.
எண்ணெயும் உள்ளியும் கருகிய சோயாவும் முதலில் வரும்,
பிறகுதான் ஆள்.
அரை நித்திரையில் சொல்வேன்:
"முழுகிப்போட்டு வந்து படுங்கோ."
எத்தனை தலையணை உறை மாற்றியிருப்பேன்.
ஆவணியோடு நின்றது அந்த மணம்.
இப்போது தலையணையில் சவர்க்காரம் மட்டும்,
ஹொட்டேல் தலையணைபோல.

இன்றிரவு விளக்கை அணைத்துப் பக்கத்தில் சரிந்தேன்.
இவர் மூக்கை உறிஞ்சினார்.
இருட்டில் கொஞ்சநேரம் பேச்சில்லை.
"என்னப்பா இது," என்றார்,
"முழுகிப்போட்டு வந்து படும்."

நான் எழும்பவில்லை.